அலமாரியில் உறங்கும் ஆய்வேடுகள்

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் கோட்டை நினைவிற்கு வரும். அதே செஞ்சி வட்டத்தில் தொண்டூர் என்று ஒரு சிற்றூர் உண்டு என்பதை அறிந்தவர் சிலரே. அதுவே என் ஊர். எங்கள் ஊர்ப் பாறைக் குகையில் சமணத் துறவியர்க்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகள் உள்ளன. அங்கே தமிழ் பிராமி எழுத்தில் ஒரு சிறு கல்வெட்டும் உண்டு. ஏறத்தாழ கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக அறிஞர்கள் அதனைக் கணித்துள்ளனர். இளங்காயிபன் என்பவர் ஏவ, அகழூரைச் சேர்ந்த மோசி என்பவர் அந்த இருக்கையைச் செய்தார் என்பதே அதன் செய்தி. அகழூர், இன்றும் அகலூர் என்னும் பெயரோடு எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. அரசரல்லாத ஒரு மனிதர் செய்த பணி, ஊர்ப் பெயரோடும் ஆள் பெயரோடும் 1,700 ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது!

ஆனால், அதே ஊரைப் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஓர் ஆய்வேடு இன்று முழுமையாக இல்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த முரண்பாடுதான்.

தேடிப் போன கதை

முதுகலை வரலாற்று வகுப்பின் திட்டக் கட்டுரைக்காக என் ஊரையே பொருளாக எடுத்துக்கொண்டேன். செய்தியைக் கேட்டதும் என் தாத்தா சிரித்தார். “ஏம்பா, நீ பொறக்கறதுக்கு ரொம்ப மின்னாடியே ஒரு தம்பி சைக்கிள்ல வந்து ஊரு முச்சூடும் சுத்தி எழுதிக்கினு போனாரு. மலைக்கு வழி காட்டினதே நான்தான். அந்தப் புஸ்தகத்தப் பாத்தியானா எல்லாம் அதுல இருக்கும்” என்றார்.

விசாரித்ததில், அவர் 1980களில் எம்.ஃபில். பட்டத்திற்காக எங்கள் பகுதி ஊர்களின் பெயர்களையும் கோயில்களையும் ஆராய்ந்த மாணவர் என்று தெரியவந்தது. அவர் படித்த கல்லூரியைத் தேடிச் சென்றேன். துறையின் பதிவேட்டில் ஆய்வேட்டின் தலைப்பு இருந்தது. அலமாரியில் ஆய்வேடு இல்லை. இரண்டு நாள் தேடிய பின் பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு அடியில் அது கிடைத்தது. கையில் எடுத்தபோது பின்பாதி மண்ணாக உதிர்ந்தது. கரையான் 60ஆம் பக்கம் வரைதான் விட்டு வைத்திருந்தது. பொருளடக்கத்தைப் பார்த்தேன். “பிற்சேர்க்கை 2: வயல், ஏரி, பாறைப் பெயர்கள் – பக்கம் 88 முதல் 97 வரை” என்றிருந்தது. அந்தப் பத்துப் பக்கங்களுக்காகத்தான் நான் சென்றிருந்தேன்.

அந்தப் பெயர்களைச் சொன்ன முதியவர்களுள் இன்று உயிரோடு இருப்பவர் என் தாத்தா ஒருவரே. அவரும் யோசித்து யோசித்துப் பதினொரு பெயர்களைத்தான் சொன்னார். மற்றவை போனவைதாம். யாரையும் குறை கூறுவதற்காக நான் இதனை எழுதவில்லை. துறைப் பேராசிரியர் அந்தக் கட்டைப் பார்த்து என்னைவிட அதிகம் வருந்தினார். மழையும் கரையானும் இடநெருக்கடியும் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொது. ஆயினும், “இதற்கு வழியே இல்லையா?” என்னும் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தபோது, வழி இருக்கிறது என்றும், உலகம் அவ்வழியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது என்றும் அறிந்தேன். அதுவே பல்கலைக்கழக மின் களஞ்சியம்.

ஒற்றைப் படியின் ஆபத்து

அக்கால ஆய்வேடு பெரும்பாலும் தட்டச்சில் கார்பன் தாள் வைத்து நான்கைந்து படிகளாக எடுக்கப்பட்டது. பல்கலைக்கழகத்திற்கு ஒன்று, துறைக்கு ஒன்று, நெறியாளருக்கு ஒன்று, எழுதியவருக்கு ஒன்று. காலப்போக்கில் அவை குறைந்து ஒன்றாகின்றன. ஒன்றும் போனால் ஆய்வே நடக்காதது போலாகிவிடுகிறது.

இது நமக்குப் புதிய துன்பமன்று. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததற்குக் காரணம், அதன் ஏடுகள் ஓரிடத்தில் மட்டும் இராமல் பல ஊர்களில், பல வீடுகளில் இருந்தமையே. படி எடுத்தவர்கள் இருந்ததால் நூல் பிழைத்தது. இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாதவையும் இருந்தன. பிற்காலத்தில், 2005இல், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காக்கும் ‘நூலகம்’ என்னும் திட்டம் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டது. பட்ட காயமே பாடமாயிற்று எனலாம்.

களஞ்சியம் என்பது யாது?

உழவர் வீட்டுக் களஞ்சியத்தை நாம் அறிவோம். நெல்லைக் கொட்டி வைப்பது மட்டும் அதன் வேலையன்று. எந்த நெல், எந்தப் போகம், விதைக்கு எது, உணவிற்கு எது என்று பிரித்து வைத்து, வேண்டியபோது எடுத்துக் கொடுப்பதும் அதன் வேலை. மின் களஞ்சியமும் அத்தகையதே. பல்கலைக்கழகத்தில் உருவாகும் ஆய்வேடுகள், கட்டுரைகள், கருத்தரங்க உரைகள், களக் குறிப்புகள் ஆகியவற்றைக் கணிப்பொறிக் கோப்புகளாகப் பெற்று, ஒவ்வொன்றிற்கும் விவரக் குறிப்பு எழுதி, நிலையான ஓர் எண் கொடுத்து, யார் கேட்டாலும் எடுத்துத் தருவதற்கும் நெடுங்காலம் கெடாமல் காப்பதற்கும் அமைந்த ஏற்பாடு அது.

“என் கட்டுரையைப் பென் டிரைவில் வைத்திருக்கிறேனே! வாட்சப்பில் அனுப்பிவிட்டேனே!” என்று நண்பர்கள் கேட்கலாம். பென் டிரைவ் தொலைந்துபோகும். செல்போன் மாறினால் கோப்பு போய்விடும். எல்லாவற்றிற்கும் மேலாக, அங்கே இருப்பதை வேறொருவர் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. காப்பதும் பகிர்வதும் ஒருங்கே நடக்கும் இடமே களஞ்சியம்.

இதன் வரலாறு சுருக்கமானது. 1991இல் அமெரிக்க இயற்பியலறிஞர் பால் கின்ஸ்பார்க், இயற்பியல் கட்டுரைகள் இதழில் அச்சாகுமுன்பே அறிஞர்கள் படிப்பதற்காக ஒரு கணிப்பொறிக் களஞ்சியத்தைத் தொடங்கினார். அது இன்று ‘ஆர்க்கைவ்’ என்னும் பெயரில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் நடந்துவருகிறது. 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் ‘இ-பிரிண்ட்ஸ்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. 2002இல் எம்.ஐ.டி. நிறுவனமும் எச்.பி. ஆய்வகமும் இணைந்து ‘டி-ஸ்பேஸ்’ என்ற மென்பொருளை வெளியிட்டன. இரண்டுமே விலையின்றிக் கிடைப்பவை. இந்தியாவில் முதன்முதலில் நிறுவனக் களஞ்சியம் கண்டது பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், ஆண்டு 2002. நம் மாநிலத்தில் சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனமும் தன் ஆய்வேடுகளுக்கெனக் களஞ்சியம் வைத்திருக்கிறது.

ஆய்வுக் கங்கை

நம் நாட்டு ஆய்வேடுகளுக்கான பெருங்களஞ்சியம் ‘ஷோத்கங்கா’ ஆகும். ‘ஷோத்’ என்றால் ஆய்வு. ஆய்வுக் கங்கை என்று தமிழில் சொல்லலாம். அன்று ஏடுகளை ஆற்றில் விட்டு இழந்தோம். இன்று ஆற்றின் பெயர் பூண்ட களஞ்சியத்தில் விட்டுக் காக்கிறோம். இதனை நடத்துவது குஜராத் மாநிலம் காந்திநகரில் உள்ள ‘இன்ஃப்ளிப்நெட்’ மையம். பல்கலைக்கழக மானியக்குழு 1991இல் ஒரு திட்டமாகத் தொடங்கிய இம்மையம் 1996இல் தன்னாட்சி பெற்றது.

2009ஆம் ஆண்டு மானியக்குழு வெளியிட்ட விதிகள், ஆய்வேடுகளின் மின்படியைப் பல்கலைக்கழகங்கள் ஒப்படைக்க வேண்டும் என்று கூறின. 2016ஆம் ஆண்டு விதிகள் இன்னும் ஒருபடி மேலே சென்று, பட்டம் வழங்குமுன்பே மின்படி சேர வேண்டும் என்றன. இன்று நாடெங்கும் உள்ள பல்கலைக்கழகங்களிலிருந்து ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அங்கே சேர்ந்துள்ளன. அவற்றைப் படிக்கக் கட்டணம் இல்லை.

ஆய்வேடு அங்கே ஒரே கோப்பாக இராது. தலைப்புப் பக்கம், சான்றிதழ், பொருளடக்கம், ஒவ்வோர் இயல், முடிவுரை, துணைநூற்பட்டியல் என்று தனித்தனி பி.டி.எஃப். கோப்புகளாக இருக்கும். செல்போனில் படிக்கும் மாணவர்க்கு இது பெரும் உதவி. முப்பது பக்க இயலைப் படிக்க முந்நூறு பக்கத்தையும் இறக்க வேண்டியதில்லை. தொடக்கநிலை மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்று: முதலில் துணைநூற்பட்டியல் கோப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் பொருளைப் பற்றி ஏற்கெனவே யார் யார் எழுதியுள்ளனர் என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

ஒவ்வோர் ஆய்வேட்டிற்கும் ‘ஹேண்டில்’ என்னும் நிலையெண் உண்டு. 10603 என்பது ஷோத்கங்காவின் எண். சாய்கோட்டிற்குப் பின் வருவது அந்தந்த ஆய்வேட்டின் எண். இணைய முகவரி நாளை மாறலாம். இந்த எண் மாறாது. நிலம் கைமாறினாலும், தெருவின் பெயர் மாறினாலும், புல எண்ணைக் கொண்டு நிலத்தைக் கண்டுபிடிப்பதுபோல இந்த எண்ணைக் கொண்டு ஆய்வேட்டைக் கண்டுபிடிக்கலாம். எனவே அடிக்குறிப்பில் இணைய முகவரியோடு நிலையெண்ணையும் எழுதுவது நன்று.

பெயர் வைப்பதில் இருக்கிறது பிழைப்பு

களஞ்சியத்தில் சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. தேடினால் கிடைக்க வேண்டும். கோப்போடு எழுதப்படும் விவரக் குறிப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதை நான் தேடியபோதுதான் உணர்ந்தேன்.

செஞ்சி என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் ‘ஜிஞ்சி’ என்று படிக்கும்படி எழுதுவோரும் உண்டு. ‘செஞ்சி’ என்றே ஒலிக்கும்படி எழுதுவோரும் உண்டு. அவ்வொவ்வொன்றிலும் எழுத்து வேறுபாடுகள் உண்டு. ஒருவகையில் தேடினால் மற்ற வகையில் எழுதியவை அகப்படுவதில்லை. மாவட்டப் பெயரிலும் இதே சிக்கல். விழுப்புரம் மாவட்டம் 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்தது. அதற்கு முன் எழுதப்பட்டவற்றில் எங்கள் ஊர் ‘தென்னாற்காடு மாவட்டம்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும். விழுப்புரம் என்று தேடுபவர்க்கு அது கிட்டாது.

ஆகவே ஆய்வேட்டை ஒப்படைப்பவர் திறவுச்சொற்களை எழுதும்போது, தமிழிலும் ஆங்கிலத்திலும், பழைய பெயரும் புதிய பெயரும் சேர்த்து எழுத வேண்டும். ஊர், வட்டம், பழைய மாவட்டம், இன்றைய மாவட்டம், ஆய்வுக் காலம் ஆகிய ஐந்தையும் எழுதுவதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. அந்த ஐந்து நிமிடத்தைச் சோம்பினால், ஐந்தாண்டு உழைப்பு களஞ்சியத்திற்குள்ளேயே காணாமற்போகும்.

விவரக் குறிப்புகளை உலகெங்கும் ஒரே முறையில் எழுதுவதற்கு ‘டப்ளின் கோர்’ என்னும் அமைப்பு உண்டு. 1995இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடிய கூட்டத்திலிருந்து பிறந்தமையால் அப்பெயர். தலைப்பு, ஆக்கியோன், பொருள், நாள், மொழி, உரிமை முதலிய 15 கூறுகள் அதில் உள்ளன. எல்லாக் களஞ்சியங்களும் ஒரே முறையில் எழுதுவதால், ஒரு தேடுபொறி பல களஞ்சியங்களின் குறிப்புகளையும் திரட்டி ஓரிடத்தில் காட்ட முடிகிறது.

தமிழ் ஆய்வேடுகளின் தனித் தொல்லை

ஆங்கில ஆய்வேட்டிற்கு இல்லாத ஒரு தொல்லை தமிழ் ஆய்வேட்டிற்கு உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் ‘பாமினி’ முதலிய பல எழுத்துருக்களில் நம்மவர் தட்டச்சு செய்தனர். அந்த எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணிப்பொறியின் உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளின் கூளம். திரையில் ‘தொண்டூர்’ என்று அழகாகத் தெரியும் பக்கத்தில் ‘தொண்டூர்’ என்று தேடினால் “இல்லை” என்று விடை வரும். அரசு 1999இல் ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியீட்டு முறைகளை ஏற்றது. பின்னர் 2010இல் யூனிகோட்டைத் தரமாக ஏற்றது. அதற்குப் பின்னும் பழக்கத்தின் காரணமாகப் பழைய எழுத்துருக்களைக் கைவிடாதவர் பலர்.

எனவே இன்று எழுதும் மாணவர் யூனிகோடு எழுத்துருவிலேயே எழுத வேண்டும். வெளியே தட்டச்சு நிலையத்தில் கொடுப்பவர் முதலிலேயே இதனைச் சொல்லிவிட வேண்டும். எளிய சோதனை ஒன்று உண்டு. பி.டி.எஃப். கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்துச் செல்போனில் ஒரு செய்தியாக ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் கோப்பு நன்று. கூளமாக வந்தால் திருத்தம் தேவை. பழைய தட்டச்சுப் படிகளை ஸ்கேன் செய்தால் கிடைப்பது படம் மட்டுமே. எழுத்துணரி மென்பொருள் கொண்டு அதனை எழுத்தாக மாற்றலாம். பிழைகள் இருக்குமாதலால் மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும். அத்தகைய பணிக்கு மாணவர்களைவிடத் தக்கவர் யார்?

அச்சங்களும் விடைகளும்

களஞ்சியத்தைப் பற்றிப் பேசும்போது ஆசிரியர்களும் மாணவர்களும் சில அச்சங்களைச் சொல்கின்றனர்.

“பொதுவில் வைத்தால் திருடிவிடுவார்களே” என்பது முதலாவது. பூட்டிய அலமாரியில் உள்ள ஆய்வேட்டிலிருந்து திருடுவதே எளிது. ஒப்பிட்டுப் பார்க்க எவராலும் முடியாது. பொதுவில் இருப்பதைத் திருடினால் உடனே அகப்படுவர். 2018ஆம் ஆண்டு மானியக்குழு விதிகளின்படி, ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காட்டிற்குள் இருந்தால் தண்டனை இல்லை. 60 விழுக்காட்டிற்கு மேற்பட்டால் ஆய்வுப் பதிவே நீக்கப்படும். மேலும், உங்கள் ஆய்வேடு சேர்ந்த நாள் களஞ்சியத்தில் பதிவாகியிருப்பதால், “இதனை முதலில் சொன்னவர் யார்” என்னும் வழக்கில் அதுவே உங்கள் சாட்சி.

“உரிமை போய்விடுமே” என்பது இரண்டாவது. ஒப்படைப்பதால் பதிப்புரிமை கைமாறுவதில்லை. படிப்பதற்கும் பரப்புவதற்கும் இசைவு தருகிறீர்கள்; அவ்வளவே. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி எழுதியவர் காலத்திலும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் உரிமை நிற்கும். இதில் மறுபக்கமும் உண்டு. பழைய ஆய்வேடுகளை ஸ்கேன் செய்து பொதுவில் வைப்பதற்கு எழுதியவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ எழுத்துவழி இசைவு பெற வேண்டும். காத்து வைப்பது வேறு. பொதுவில் வைப்பது வேறு. இசைவு வரும்வரை விவரக் குறிப்பை மட்டும் வெளியிடலாம்.

“இதழில் வெளியான கட்டுரையை வைக்கலாமா?” என்பது மூன்றாவது. ஒரு கட்டுரைக்கு மூன்று நிலைகள் உண்டு: இதழுக்கு அனுப்பிய படி, மதிப்பீட்டிற்குப் பின் திருத்தி ஏற்கப்பட்ட படி, இதழ் அச்சிட்ட படி. பல பதிப்பகங்கள் மூன்றாவதைத் தடுத்தாலும் முதல் இரண்டை அனுமதிக்கின்றன. உலக இதழ்களின் விதிகளை அவற்றைத் திரட்டித் தரும் இணையப் பட்டியலில் காணலாம். தமிழ் இதழாயின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும்.

நான்காவதாக ஓர் அச்சம் உண்டு, அது நியாயமானது. எல்லாவற்றையும் பொதுவில் வைக்கலாகாது. காவலில்லாத கோயிலில் எந்தச் செப்புத்திருமேனி எங்கே இருக்கிறது என்று படத்தோடு எழுதிய பக்கம், சிலைத் திருடனுக்கு வழிகாட்டியாகிவிடும். களப்பணியில் ஒரு தாயார் நம்மை நம்பிச் சொன்ன குடும்பச் செய்தி ஊரறிய வேண்டியதில்லை. இவற்றிற்காகவே களஞ்சியங்களில் குறிப்பிட்ட காலம்வரை ஒரு பகுதியை மூடிவைக்கும் வசதி உள்ளது. எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதை நெறியாளரோடு கலந்து முடிவு செய்ய வேண்டும்.

மின்வடிவம் அழியாததா?

கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் எல்லாம் நிலைத்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. 1990களில் பிளாப்பியில் சேமித்தவர்கள் இன்று அதனைப் படிக்கக் கருவியின்றித் தவிக்கின்றனர். குறுந்தகடுகளும் கெடுகின்றன. ஆதலால் களஞ்சியங்கள் மூன்று காவல்களை வைத்துக்கொள்கின்றன.

முதலாவது எண் சோதனை. கமிட்டிக்கு நெல் மூட்டை கொண்டுசெல்லும்போது எடைச்சீட்டு எழுதுகிறோம். பின்னர் எடை குறைந்தால் மூட்டை எங்கோ ஒழுகியிருக்கிறது என்று பொருள். அதுபோல ஒவ்வொரு கோப்பிற்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணைக் களஞ்சியம் குறித்து வைத்துக்கொள்கிறது. காலத்திற்குக் காலம் மறுபடி கணக்கிட்டுப் பார்க்கிறது. ஓர் எழுத்து சிதைந்தாலும் எண் மாறிவிடும். உடனே நல்ல படியிலிருந்து மாற்றிவிடுவர்.

இரண்டாவது வடிவத் தேர்வு. பி.டி.எஃப். வகைகளுள் நெடுங்காலப் பாதுகாப்பிற்கென 2005இல் உலகத் தரமாக ஏற்கப்பட்ட ‘பி.டி.எஃப்.-ஏ’ என்னும் வகை உண்டு. அதில் எழுத்துருவும் கோப்பிற்குள்ளேயே அடங்கியிருக்கும். எதிர்காலக் கணிப்பொறியில் நம் எழுத்துரு இல்லாவிடினும் பக்கம் கட்டமாகத் தெரியாது.

மூன்றாவது பல படிகள். ஒரே கட்டடத்தில் பத்துப் படி இருப்பதைவிட மூன்று ஊர்களில் மூன்று படி இருப்பது மேல். ஓலைச்சுவடிக் காலத்து அறிவு இது. கணிப்பொறிக் காலத்திலும் மாறவில்லை. தாள் படியையும் தூக்கி எறியலாகாது. மின்வடிவம் தாளுக்குத் துணையே.

நம்மால் இயன்றவை

ஷோத்கங்காவில் பெரும்பாலும் பிஎச்.டி. ஆய்வேடுகளே இடம்பெறுகின்றன. நம் மாவட்டத்துச் சிற்றூர்களைப் பற்றிய செய்திகளோ எம்.ஃபில். ஆய்வேடுகளிலும் முதுகலைத் திட்டக் கட்டுரைகளிலும்தான் மிகுதி. 2022ஆம் ஆண்டு விதிகளோடு எம்.ஃபில். பட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது. இனி அந்த வரிசையில் புதியது பிறக்காது. இருப்பது அழிந்தால் அழிந்ததுதான்.

இதன் அவசரத்தை இன்னொரு செய்தியும் உணர்த்துகிறது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் மராத்தியர் இராணுவ நிலப்பரப்புகளின் 12 கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே. இனி உலகெங்கிலும் இருந்து செஞ்சியைப் பற்றித் தேடுவார்கள். 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி.எஸ். சீனிவாசாச்சாரியாரின் செஞ்சி வரலாறு அவர்களுக்குக் கிடைக்கும். 2005இல் பிரெஞ்சு அறிஞர் ழான் தெலோஷ் செஞ்சிக் கோட்டை நகரைப் பற்றி எழுதிய நூலும் கிடைக்கும். இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மலைகளில் ஏறி இறங்கிய மாணவர்கள் எழுதியவை கிடைக்குமா? கிடைக்கவில்லையெனில் அவர்கள் எழுதவில்லை என்றே உலகம் எண்ணும்.

நம் கல்லூரி பெருஞ்செலவு செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான் முன்வைப்பவை நான்கு. முதலில், ஒவ்வொரு துறையிலும் உள்ள ஆய்வேடுகளுக்கு ஒரு பட்டியல்: தலைப்பு, எழுதியவர், ஆண்டு, ஊர், இப்போதைய நிலை. இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு விடுமுறை வாரமும் போதும். இரண்டாவது, சிதையும் நிலையில் உள்ளவற்றை முதலில் ஸ்கேன் செய்தல். ஸ்கேனர் இல்லாவிடின் நல்ல வெளிச்சத்தில் செல்போனால் எடுத்த படமும் கரையானுக்கு இரையாவதைவிட மேல். மூன்றாவது, இசைவுக் கடிதங்கள் பெறுதல். பழைய மாணவர் சங்கம் இதற்குப் பெரிதும் உதவும். நான்காவது, இசைவு பெற்றவற்றைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்தல். ஐரோப்பாவின் ‘செர்ன்’ ஆய்வகம் 2013இல் தொடங்கிய ‘செனோடோ’ எந்த நாட்டவரும் விலையின்றிப் பயன்படுத்தத் தக்கது. ஒவ்வோர் ஆக்கத்திற்கும் நிலையெண்ணும் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பழைய நூல்களையும் இதழ்களையும் 2017 முதல் மக்களுக்கு வழங்கிவருகிறது. இந்த ஆண்டுமலரின் பழைய தொகுதிகளும் அவ்வாறு காக்கத் தக்கவையே.

முடிவுரை

எங்கள் ஊருக்கு வந்து எழுதிய அந்த மாணவரின் எஞ்சிய 60 பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்து வைத்திருக்கிறேன். மூன்று இடங்களில் படி வைத்துள்ளேன். அவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்; அவர் வீட்டுப் பரணில் ஒரு படி இருக்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. இவ்வரிகளைப் படிக்கும் பழைய மாணவர்களும் பேராசிரியப் பெருமக்களும் தங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பார்க்குமாறு வேண்டுகிறேன்.

தாத்தா சொன்ன பதினொரு பெயர்களை என் திட்டக் கட்டுரையின் பிற்சேர்க்கையில் சேர்த்துள்ளேன். குரலையும் பதிவு செய்துள்ளேன். கட்டுரையை அவரிடம் படித்துக் காட்டியபோது, “இதையாவது பத்திரமா வையிப்பா” என்றார்.

மோசி தான் செய்த பணியைக் கல்லில் பொறித்துவைத்தார். நமக்குக் கல்லும் உளியும் வேண்டியதில்லை. நாம் எழுதியதை முறையாக விவரம் எழுதி, உரிய களஞ்சியத்தில், உரிய காலத்தில் ஒப்படைத்தால் போதும். படித்துப் பட்டம் பெறுவது நம் கடமையில் பாதி. படித்ததை அடுத்தவர் கையில் சேர்ப்பது மறுபாதி. அக்கடமையை இந்த ஆண்டே தொடங்குவோமாக!